பல்லைப் பார்த்துச் சினைப்பையைத் தீர்ப்பது

செம்மறி ஆட்டின் கீழ்த்தாடையில் முன்பற்கள் எட்டு. ஒன்று, ஒன்றரை வயதுக்குள் நடுவில் உள்ள பால்பற்கள் இரண்டும் விழுந்து அந்த இடத்தில் நிலைப்பற்கள் முளைக்கின்றன. பிறகு சோடி சோடியாக மாறி, நாலு வயதை ஒட்டி எட்டும் நிறைந்துவிடும். அதற்கு மேல் பற்கள் தேயும், நீளும், இடைவெளி விட்டு ஆடும், கடைசியில் உதிரும். பிறந்த தேதி எழுதி வைக்காத மந்தைகளில் வயதைக் கணிக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் இந்தக் கணிப்போடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஐந்தாறு வயதைத் தாண்டிய பெட்டையின் முட்டை பழுதானது, அதன் சினைப்பை ஓய்ந்துவிட்டது, அதைக் கழித்துவிட்டு இளம்பெட்டையைச் சேர்த்தால் மந்தையில் குட்டிகள் பெருகும் என்பதே அந்தத் தீர்ப்பு. ஆஸ்திரேலிய மெரினோ பண்ணைகளில் ஐந்தரை அல்லது ஆறரை வயதில் பெட்டைகளை மொத்தமாகக் கழிக்கும் வழக்கத்துக்கு ரோமத்தின் தரம், இறைச்சி விலை என்று பல காரணங்கள் இருந்தாலும், கேட்டவுடன் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காரணம் இந்த மலட்டுப் பேச்சுதான். பெண்களின் கருவுறும் திறன் 35 வயதுக்குப் பின் இறங்குகிறது என்ற மருத்துவச் செய்தி பரவிய பிறகு, பழைய மந்தை வழக்கத்துக்கு அறிவியல் முலாமும் பூசப்பட்டுவிட்டது.

இந்தத் தீர்ப்பு தவறானது. செம்மறியின் வாழ்நாளில் முட்டை மிகவும் நலிந்திருப்பது அது பருவம் எய்தும் மாதங்களில்தான். இரண்டு மூன்று வயதிலிருந்து முட்டையின் தரமும் எண்ணிக்கையும் உயர்ந்து, பல ஆண்டுகள் உயர்ந்த நிலையிலேயே இருக்கின்றன. பிற்காலத்தில் சரிவு வருவது உண்மை. அந்தச் சரிவில் பெரும்பங்கு வாய், மடி, கருப்பைக் கழுத்து, உடல் எடை ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதை முட்டையின் கணக்கில் எழுதுவதால் நல்ல பெட்டைகள் கசாப்புக்குப் போகின்றன, நலிந்த முட்டைகள் மந்தையில் பெருகுகின்றன.

முட்டையின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தவுடனேயே, கருவில் இருக்கும் பெட்டைக் குட்டியின் சினைப்பையில் முட்டைச் செல்கள் குன்றல் பிரிவைத் தொடங்கிவிடுகின்றன. பல லட்சமாகப் பெருகும் அவற்றில் பெரும்பகுதி பிறப்புக்கு முன்பே அழிகிறது. எஞ்சியவை, ஒவ்வொன்றும் ஒரு நுண்ணறைக்குள் அடங்கி, பிரிவை நடுவில் நிறுத்திக்கொண்டு உறங்குகின்றன. பிறக்கும்போது குட்டியிடம் பல்லாயிரக்கணக்கில் இருக்கும் இந்தச் சேமிப்பில் பிறகு ஒன்றும் கூடுவதில்லை. எட்டு மாதக் குட்டியின் முட்டையும் எட்டு வயதுப் பெட்டையின் முட்டையும் தாயின் வயிற்றில் ஒரே கட்டத்தில் உருவானவை. இளம்பெட்டையின் முட்டை புதிதாக உற்பத்தியானது என்ற எண்ணத்துக்கு இங்கேயே இடமில்லாமல் போகிறது.

உறங்கும் நுண்ணறை விழித்து, வளர்ந்து, முட்டையை வெளியேற்றும் நிலையை அடைய ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. முட்டையின் தரம் பெரிதும் தீர்மானமாவது இந்த ஆறு மாதத்தில். முட்டை பருத்து, அதன் சைட்டோப்பிளாசத்தில் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. கருவுற்ற பிறகு முதல் சில நாட்களுக்குத் தேவையான புரதங்களும் ஆர்.என்.ஏ. கட்டளைகளும் சேமிக்கப்படுகின்றன. செம்மறிக் கரு தன் சொந்த மரபணுக்களை முழுமையாக இயக்கத் தொடங்குவது 8 முதல் 16 செல் நிலையில். அதுவரை தாய் சேர்த்து வைத்த சேமிப்பில்தான் அது பிழைக்கிறது. எனவே ஒரு முட்டையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, அதைச் சுமந்த பெட்டை இந்த ஆறு மாதமும் எப்படி இருந்தது என்பது. எத்தனை ஆண்டு உறங்கியது என்ற கேள்வி அதற்குப் பின்னால் வரவேண்டியது.

இந்தச் சேமிப்பைச் செய்யும் திறன் இளம்பெட்டையிடம் குறைவு என்பதற்கான சான்று வலுவானது. இளம்பெட்டைகளைக் கிடாவோடு சேர்த்தால் முதிர்ந்த பெட்டைகளைவிடக் குறைவாகவே சினை நிற்கின்றன என்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் அவற்றின் சிறிய கருப்பையும் முற்றாத உடலும்தான் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1977 இல் அயர்லாந்தில் குயிர்க், ஹன்ராஹன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கருத்தை நேரடியாகச் சோதித்தார்கள். முதல் ஆண்டுப் பெட்டைகளிலிருந்தும் முதிர்ந்த பெட்டைகளிலிருந்தும் கருவுற்ற முட்டைகளை எடுத்து, இரு வகையையும் முதிர்ந்த பெட்டைகளின் கருப்பையில் வைத்தார்கள். கருப்பை ஒரே தரத்தில் இருந்தும், இளம்பெட்டைகளிலிருந்து வந்த கருக்கள் தெளிவாகக் குறைவாகவே பிழைத்தன. 1985 இல் நியூசிலாந்தில் மக்மில்லன், மெக்டொனால்ட் இருவரும் சோதனையைத் திருப்பிப் போட்டு, இரு வகைக் கருக்களையும் இளம்பெட்டைகளின் கருப்பையில் வைத்தார்கள். அங்கும் இளம்பெட்டையின் கருவே பின்தங்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முடிவு ஒன்றுதான்: குறை முட்டையிலேயே இருக்கிறது. முதுமை முட்டையைக் கெடுக்கிறது என்று வாதிடுவோர் தங்கள் பக்கத்துக்கு இத்தகைய கரு இடமாற்றச் சோதனை ஒன்றைக் காட்ட வேண்டும். மந்தைப் பேச்சும் மனித மருத்துவத்திலிருந்து எடுத்த ஒப்புமையும் அதற்கு ஈடாகா.

பருவம் எய்திய உடனே வரும் முதல் சினைப்பருவத்தைவிட மூன்றாவது சினைப்பருவத்தில் சேர்த்தால் கருப் பிழைப்பு உயர்கிறது என்பதும் 1980களில் காட்டப்பட்டது. செம்மறியின் சினைச் சுழற்சி 16, 17 நாள். அப்படியானால் முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் கழிவது ஒரு மாதத்தைச் சற்றே தாண்டிய காலம். அதற்குள் முட்டை முதிர்ந்து தேறுகிறது. வயது கூடக்கூட முட்டை கெடும் என்ற விதி இங்கே தலைகீழாக நிற்கிறது.

இன்னும் இளைய வயதிலிருந்தும் சான்று இருக்கிறது. பிறந்து ஒன்றிரண்டு மாதமே ஆன பெட்டைக் குட்டிகளுக்கு நுண்ணறைத் தூண்டும் ஹார்மோன் கொடுத்து, ஒரே நேரத்தில் பல பத்து முட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் கருவுறச் செய்து, வேறு பெட்டைகளின் கருப்பையில் வைக்கும் முறை 1990களில் ஆஸ்திரேலியாவிலும் இத்தாலியிலும் வளர்ந்தது. நல்ல மரபுள்ள குட்டியிடமிருந்து அது பருவம் எய்தும் முன்பே சந்ததி பெறலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. முட்டைகள் ஏராளமாகக் கிடைத்தன. கருவாக முற்றியவையும், வைத்த பிறகு நிலைத்தவையும் முதிர்ந்த பெட்டையின் முட்டைகளோடு ஒப்பிடக் குறைவு. சார்டீனியாவின் சசாரியில் லெத்தாவும் உடனுழைத்தவர்களும் 1997 இல் வெளியிட்ட ஒப்பீடும் இதையே சொன்னது. குட்டியின் முட்டை அளவில் சிறியது, அதைச் சூழ்ந்த செல்களோடு அதன் தொடர்பு வலுவற்றது, சைட்டோப்பிளாசம் முழுமையாக ஆயத்தமாவதில்லை. முட்டை எவ்வளவு இளமையானதோ அவ்வளவு நல்லது என்பது உண்மையானால், இந்தத் தொழில்நுட்பம் கால்நடை இனப்பெருக்கத்தையே கைப்பற்றியிருக்க வேண்டும். அப்படி நடக்காததற்கு முதல் காரணம் முட்டையின் முதிராமை.

உட்கருவையும் அதைச் சூழ்ந்த சைட்டோப்பிளாசத்தையும் பிரித்துப் பார்க்கவும் செம்மறியே உதவியிருக்கிறது. 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி, ஆறு வயதுப் பெட்டை ஒன்றின் மடிச் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை, வேறொரு பெட்டையின் உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து உருவாக்கப்பட்டது. 277 முயற்சிகளில் தேறியது அந்த ஒன்றுதான். ஆனாலும் கழிக்கும் வயதில் இருந்த பெட்டையின் மரபுப் பொருளுக்கு நல்ல முட்டைச் சூழல் கிடைத்ததும், அதிலிருந்து முழு ஆடு பிறந்தது. அந்த ஆடு பின்னர் ஆறு குட்டிகளையும் ஈன்றது. டாலி முட்டை முதுமை பற்றிய சோதனை இல்லைதான். சைட்டோப்பிளாசத்தின் செல்வாக்கை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டிய நிகழ்வு செம்மறி ஆய்வில் வேறொன்று இல்லை.

ஆய்வகத்தை விட்டு மந்தைக்கு வந்தால் படம் இன்னும் தெளிவாகிறது. ஹெலன் நியூட்டன் டர்னர், டாலிங் இருவரும் ஆஸ்திரேலிய மெரினோ மந்தை ஒன்றின் பல்லாண்டுப் பதிவுகளைத் திரட்டி, வயதுக்கும் குட்டி ஈனுதலுக்கும் உள்ள உறவை 1965 இல் வெளியிட்டார்கள். இரண்டு வயதில், அதாவது முதல் ஈற்றில், சேர்த்த பெட்டைக்கு இத்தனை குட்டி என்ற விகிதம் தாழ்ந்திருக்கிறது. மூன்று, நாலு, ஐந்து என்று ஏறி, ஆறேழு வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. சினை நிற்காத பெட்டைகள் மிகுதியாக இருப்பது இளம் வயதில். இரட்டைக் குட்டி மிகுதியாகக் கிடைப்பது நடுவயதில். பிற நாடுகளின், பிற இனங்களின் பதிவுகளிலும் ஏற்றம், மேட்டுநிலை, மெதுவான இறக்கம் என்ற வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. உச்சம் ஓர் ஆண்டு முன்னே பின்னே நகரலாம். ஐந்தரை வயதில் கழிக்கும் பண்ணை, ஏணியின் மேல்படியை எட்டும் நேரத்தில் பெட்டையை லாரியில் ஏற்றுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நல்ல கேள்வி எழுவதுண்டு. பதில் சொல்லாமல் கடக்கக் கூடாத கேள்வி அது. ஆறு வயது வரை மந்தையில் இருப்பவை தேர்ந்தெடுக்கப்பட்டவை. சினை நிற்காதவையும் நோய்ப்பட்டவையும் முன்பே கழிக்கப்பட்டிருக்கும். மிஞ்சியவை நன்றாக ஈனுவதில் வியப்பென்ன என்பது அந்தக் கேள்வி. இதற்கு விடை தேட மனிதர் கழிக்காத மந்தை வேண்டும். அத்தகைய மந்தை ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் உண்டு. 1930 இல் அங்கிருந்த மக்கள் வெளியேறிய பிறகு, 1932 இல் சோயே என்ற சிறு தீவிலிருந்து 107 செம்மறிகள் ஹிர்டா தீவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றின் சந்ததிக்குத் தீவனமில்லை, மருந்தில்லை, கழிப்பும் இல்லை. 1985 முதல் அங்கே ஆடுகள் தனித்தனியாக அடையாளமிடப்பட்டு, பிறப்பிலிருந்து இறப்பு வரை பின்தொடரப்படுகின்றன. ஒரே பெட்டையை ஆண்டுதோறும் அதனோடேயே ஒப்பிட முடிவதால், தேர்வின் குழப்பம் பெருமளவு நீங்குகிறது.

அங்கும் பெட்டைகள் முதல் ஆண்டிலேயே சினை பிடிக்கக்கூடியவை. அவற்றின் ஈற்று எளிதில் தோற்கிறது, குட்டிகள் மெலிந்து பிறந்து அதிகமாகச் சாகின்றன. நடுவயதில் ஈற்றும் குட்டிப் பிழைப்பும் மிக நன்றாக இருக்கின்றன. முதுமைச் சரிவும் தெரிகிறது. ஏழெட்டு வயதுக்குப் பிறகு அது புலப்படுகிறது, மிக முதிர்ந்த தாய்களின் குட்டிகள் எடை குறைந்து பிறக்கின்றன. சில பெட்டைகள் 15 வயது வரையும் வாழ்கின்றன. குளிர்காலப் பட்டினியில் மந்தையின் பாதிக்கு மேல் மடியும் ஆண்டுகளைத் தாங்கிய ஆடுகள் இவை. மருந்தும் தீவனமும் இல்லாத இடத்திலேயே ஐந்து வயது என்பது வீழ்ச்சியின் தொடக்கமாக இல்லை. வேலியும் வைக்கோலும் கால்நடை மருத்துவரும் உள்ள பண்ணையில் அது எப்படி எல்லைக்கோடாகும்?

1988 இல் வேல்ஸில் 28 வயதுப் பெட்டை ஒன்று குட்டி ஈன்றதாகக் கின்னஸ் பதிவு உண்டு. அதை வைத்து வாதம் கட்டக் கூடாது. ஓர் அதிசய ஆடு எந்த மந்தைக்கும் விதி சொல்லாது. செம்மறிச் சினைப்பையின் ஆயுள் பல்லின் ஆயுளோடு கட்டப்படவில்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது.

மனித ஒப்புமைக்கு வருவோம். பெண்களில் முட்டையின் தரம் வயதோடு குறைவது உறுதியான உண்மை. உறங்கும் முட்டையில் குரோமோசோம் சோடிகளைப் பிணைத்து வைக்கும் கோஹெசின் என்ற புரதக் கட்டு காலப்போக்கில் தளர்வது அதன் முதன்மைக் காரணங்களில் ஒன்று. கட்டு தளர்ந்தால் பிரிவின்போது குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்பட்டு, கரு கலைகிறது அல்லது குறையோடு வளர்கிறது. இதில் கவனிக்க வேண்டியது கால அளவு. நாற்பது வயதுப் பெண்ணின் முட்டை நாற்பது ஆண்டு உறங்கியிருக்கிறது. ஆறு வயதுச் செம்மறியின் முட்டை ஆறு ஆண்டு உறங்கியிருக்கிறது. ஆட்டின் ஆயுளை மனித ஆயுளின் அளவுக்கு இழுத்து நீட்டி, ஆறு வயது ஆடு என்றால் நாற்பது வயதுப் பெண் என்று ஒப்பிடுவது புரத மூலக்கூறுக்குப் பொருந்தாது. இனத்துக்கு இனம் அந்தக் கட்டு தேயும் வேகம் வேறுபடலாம் என்பது சரி. அப்படியானால் அந்த வேகத்தைச் செம்மறியிலேயே அளந்து பேச வேண்டும், மகப்பேறு மருத்துவமனையின் வரைபடத்திலிருந்து கடன் வாங்கக் கூடாது. மேலும், பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி மாதவிடாய் முற்றாக நின்று, அதன் பின் பல பத்தாண்டு வாழ்வு உண்டு. பண்ணைச் செம்மறியின் வாழ்வில் அத்தகைய கட்டம் வருவதில்லை. சினைப்பருவம் வந்துகொண்டிருக்கும்போதே அதன் உடல் தளர்ந்து விழுகிறது.

உடல் தளர்வதற்கும் முட்டை கெடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரிட்டனின் மலைப்பண்ணைகள் தலைமுறைகளாகச் செயலில் காட்டி வருகின்றன. ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ், ஸ்வேல்டேல் போன்ற மலையினப் பெட்டைகள் முரட்டுப் புல்லையும் புதரையும் மேய்ந்து, பனியிலும் காற்றிலும் நாலைந்து ஈற்று ஈனுகின்றன. அதன்பின் மலைக்கு ஆகாதவை என்று இலையுதிர் காலச் சந்தையில் விற்கப்படுகின்றன. வாங்குபவர் கசாப்புக்காரர் மட்டுமில்லை. சமவெளிப் பண்ணையாளர்களும் அவற்றை வாங்கிச் சென்று, மென்மையான புல்வெளியில் விட்டு, புளூஃபேஸ்ட் லெஸ்டர் கிடாவோடு சேர்த்து, இன்னும் பல ஈற்று எடுக்கிறார்கள். மலையில் ஒற்றைக் குட்டி போட்ட பெட்டை சமவெளியில் இரட்டை போடுவது அங்கே சாதாரண நிகழ்ச்சி. பிரிட்டனின் சமவெளி மந்தைகளில் நிறைந்திருக்கும் மியூல் என்ற கலப்பினத் தாய் ஆடுகள் இந்தச் சேர்க்கையிலிருந்து பிறந்தவை. மலையில் வயதானது என்று தள்ளப்பட்ட பெட்டையின் சினைப்பை, சமவெளிக்கு இறங்கும் வழியில் இளமை அடைந்துவிடவில்லை. மாறியது புல். ஒரு நாட்டின் செம்மறித் தொழிலில் கணிசமான பங்கு, கழித்த பெட்டைகளின் முட்டைகள் மேல் நிற்கிறது. அதன் பிறகும் ஐந்து வயதில் முட்டை கெடுகிறது என்று சொல்வோர் இந்தச் சந்தைகளை எப்படி விளக்குவார்கள் என்பது தெரியவில்லை.

முதுமை மலடுபோல் தோன்றக்கூடிய, ஆனால் உண்மைக் குற்றவாளி வேறாக இருந்த ஒரு பெரிய நிகழ்வு மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே மேய்ச்சல் நிலத்தை வளப்படுத்த சப்டெரேனியன் குளோவர் என்ற பயறு வகைத் தீவனம் பரவலாக விதைக்கப்பட்டது. 1940களில் அந்த நிலங்களில் மேய்ந்த மந்தைகளில் குட்டி ஈனுதல் கடுமையாக வீழ்ந்தது. பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் மூவரும் 1946 இல் இதைக் குளோவரால் வரும் மலட்டு நோய் என்று விவரித்தார்கள். அந்தக் குளோவரின் சில வகைகளில் ஃபார்மோனோனெட்டின் என்ற பொருள் மிகுதி. ஆட்டின் இரைப்பையில் அது ஈக்குவோல் என்ற, ஈஸ்ட்ரோஜன்போல் வேலை செய்யும் பொருளாக மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் மேய்ந்தால் கருப்பைக் கழுத்தின் அமைப்பே நிலையாக மாறிவிடும். அதன் சளி நீர்த்துப்போய், விந்தணுவைப் பிடித்து வைத்து மேலே அனுப்பும் ஆற்றலை இழக்கும். பெட்டைக்குச் சினைப்பருவம் வருகிறது, முட்டை வெளியேறுகிறது, விந்தணுதான் கருக்குழாயை அடைவதில்லை. ஒவ்வொரு மேய்ச்சல் பருவமும் சேதத்தைக் கூட்டுவதால், வயது ஏற ஏற மலடு ஏறுகிறது. பதிவேட்டில் இது அச்சு அசலாக முதுமை மலடுபோல்தான் தெரியும். அந்தப் பண்ணைகளில் முதிர்ந்த பெட்டைகளைக் கழித்து இளம்பெட்டைகளைச் சேர்த்திருந்தால், சில ஆண்டுகளில் அவையும் அதே குளோவரால் மலடாகியிருக்கும். தீர்வு தாவரத்தில் இருந்தது. ஃபார்மோனோனெட்டின் குறைந்த குளோவர் வகைகள் பின்னர் உருவாக்கப்பட்டு விதைக்கப்பட்டன.

குளோவர் ஒரு கடுமையான எடுத்துக்காட்டு. மற்ற மந்தைகளில் இதே கதை மெதுவாக நடக்கிறது. முன்பல் உதிர்ந்த பெட்டையால் குட்டைப் புல்லைக் கறிக்க முடியாது. எடை குறைகிறது. எடை குறைந்த பெட்டையில் வளரும் நுண்ணறைகள் குறைகின்றன, இரட்டை முட்டை ஒற்றையாகிறது, சில வேளை சினைப்பருவமே தப்புகிறது. இங்கே பல்லுக்கும் சினைப்பைக்கும் இடையில் நிற்பது வயிறு. நீண்ட புல்லோ வெட்டிய தீவனமோ தானியமோ கிடைத்தால் பல்லில்லாத பெட்டையும் எடை தேறிச் சினை பிடிக்கிறது. அடுத்தது மடி. ஒவ்வொரு ஈற்றிலும் மடிநோய் தாக்க வாய்ப்புண்டு. ஆறாவது ஈற்றில் ஒரு பக்க மடி கல்லாகிப்போன பெட்டை இரட்டைக் குட்டி ஈன்றாலும் ஒன்றைத்தான் வளர்க்கும். பால் மறக்கும் நாளில் குட்டிகளை எண்ணும் பண்ணையாளரின் கணக்கில், சாகக் கொடுத்த அந்த இரண்டாவது குட்டி, பிறக்காத குட்டியாகப் பதிவாகிறது. முட்டை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தும் பழி அதன் மேல் விழுகிறது. கால் நோயும், முந்தைய ஈற்றில் ஏற்பட்ட கருப்பைப் புண்ணும் இப்படித்தான் வயது என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

முட்டையின் எண்ணிக்கையைத் தீவனம் எவ்வளவு வேகமாக மாற்றுகிறது என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் லூப்பின் சோதனைகள் சான்று. புரதமும் ஆற்றலும் மிகுந்த இந்தப் பயற்றைச் சினைச் சுழற்சியின் பிற்பாதியில் ஆறேழு நாள் கொடுத்தாலே, உடல் எடையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும் முன்பே, 100 பெட்டைகளுக்கு 20 முதல் 30 முட்டைகள் கூடுதலாகக் கிடைத்தன. சில நாள் தீவனத்தில் இவ்வளவு வேறுபாடு என்றால், ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சினைப்பையின் மாறாத விதி என்று எப்படிச் சொல்வது? மரபின் கை இன்னும் பெரியது. வங்காளத்தின் சிறிய காரோல் ஆட்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோவுக்குச் சென்ற மரபணு மாற்றம் ஒரே ஒரு நகல் இருந்தாலே சுழற்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முட்டையைக் கூட்டுகிறது. கடும் வெப்பமும் வயதின் பெயரில் மறையக்கூடியது. கெண்டக்கியில் டட் நடத்திய சோதனைகள், சேர்க்கை நாளை ஒட்டியும் அடுத்த சில நாட்களிலும் வெப்பம் கருவைக் கொல்வதைக் காட்டின. கோடையில் சேர்த்துவிட்டு, சினை நிற்காததற்கு ஆட்டின் வயதைக் காட்டுவது எளிது. ஆடு மறுத்துப் பேசாது.

எதிர்க்கருத்தில் உண்மை இருக்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். நுண்ணறைச் சேமிப்பு வயதோடு குறைகிறது. ஏழெட்டு வயதுக்கு மேல் இரட்டை முட்டை குறைகிறது, கரு இழப்பும் கூடுகிறது. நல்ல வயதிலேயே செம்மறிகள் கருவுற்ற முட்டைகளில் 20 முதல் 30 விழுக்காட்டை, பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள், இழக்கின்றன. மிக முதிர்ந்த பெட்டையில் அந்த இழப்பு உயர்வதில் முட்டைக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பத்து வயதுப் பெட்டையை நம்பி மந்தை நடத்தச் சொல்ல யாரும் இல்லை. மறுக்கப்படுவது ஐந்திலும் ஆறிலும் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு முட்டையைச் சாட்சியாக நிறுத்துவது.

இளம்பெட்டைகளைச் சேர்க்க வேறு நல்ல காரணமும் உண்டு. தேர்வு இனப்பெருக்கம் நடக்கும் மந்தையில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடச் சற்று மேம்பட்டிருக்கும். தலைமுறை விரைவாக மாறினால் முன்னேற்றமும் விரைவாகும். பல் முழுவதும் போவதற்குள் விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்பதும் பண்ணைக்குத் தேவையான கணக்கு. இந்தக் காரணங்களுக்காகக் கழிப்பவர் அந்தக் காரணங்களையே சொல்லட்டும். அவற்றை எடை போட்டுப் பார்க்க முடியும். முட்டை கெட்டது என்ற பொய்க் காரணத்தை எடை போட வழியில்லை. அதனால் அது கேள்வியின்றி நிலைத்துவிடுகிறது.

அந்தப் பொய்க் காரணம் மந்தைக்கு உண்டாக்கும் நட்டத்தைச் சிறு கணக்கு காட்டும். இரண்டு வயதில் முதல் ஈற்று, ஐந்து வயது ஈற்றோடு கழிப்பு என்றால் ஒரு பெட்டைக்கு நாலு ஈற்று. இறப்பை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், மந்தையை அதே அளவில் வைத்திருக்க ஆண்டுதோறும் நாலில் ஒரு பங்கு பெட்டைகள் முதல் ஈற்றுப் பெட்டைகளாக இருக்க வேண்டும். ஏழு வயது ஈற்று வரை வைத்திருந்தால் ஆறு ஈற்று, முதல் ஈற்றுப் பெட்டைகள் ஆறில் ஒரு பங்கு. குறைந்த முட்டை, மிகுந்த கரு இழப்பு, குட்டியை ஒதுக்கிவிட்டு ஓடும் அனுபவமில்லாத தாய்மை ஆகிய மூன்றும் முதல் ஈற்றில்தான் கூடிவருகின்றன. கழிக்கும் வயதைக் குறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பங்கு உயர்கிறது. கருவுறுதலை உயர்த்தச் செய்வதாகச் சொல்லப்படும் வேலை, கருவுறுதல் மிகத் தாழ்ந்த வயதுப் பெட்டைகளால் மந்தையை நிரப்புகிறது. மாற்றுப் பெட்டைகளாக நிறுத்தி வைக்கும் குட்டிகளை விற்க முடியாமல் போவதும், அவை ஈனும் வரை இரண்டு ஆண்டு தின்னும் தீவனமும் இதற்கு மேல் வரும் செலவு.

வயதுக் கோட்டுக்குப் பதிலாக ஆட்டையே பார்க்க முடியும், அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. 1961 இல் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரிஸ் முன்வைத்த உடல்நிலை மதிப்பெண் முறையில், இடுப்பு முதுகெலும்பின் மேல் விரல் வைத்து அழுத்தி, சதையையும் கொழுப்பையும் உணர்ந்து, பூச்சியத்திலிருந்து ஐந்து வரை எண் இடப்படுகிறது. கிடா சேர்க்கும் நாளில் மூன்றை ஒட்டி நிற்கும் ஏழு வயதுப் பெட்டை, ஒன்றரையில் நிற்கும் மூன்று வயதுப் பெட்டையைவிட நம்பத் தகுந்தது. முட்டை வளரும் ஆறு மாதக் கணக்கை மனத்தில் கொண்டால், இந்தப் பரிசோதனையைச் சேர்க்கை நாளுக்கு முந்தைய வாரத்தில் செய்வது தாமதம். குட்டிகள் பால் மறக்கும் நாளிலேயே செய்தால் மெலிந்தவற்றைத் தனியாகப் பிரித்துத் தேற்ற நேரம் இருக்கும். அன்றே மடியைக் கையால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம், வாயைத் திறந்து பல்லையும் பார்க்கலாம். அப்போது பல் சொல்ல வேண்டியது இந்தப் பெட்டைக்கு எந்த மேய்ச்சல் பொருந்தும் என்பதை.

சினைப்பையைப் பற்றிய சான்று வேண்டுமென்றால் அந்தப் பெட்டையின் ஈற்று வரலாறே கிடைக்கிறது. ஸ்கேன் செய்யும் பண்ணைகளில் சேர்க்கைக்குப் பின் இரண்டு மூன்று மாதத்துக்குள் சினை நின்றதா, எத்தனை குட்டி என்பது தெரிந்துவிடும். ஓர் ஆண்டு தப்பிய பெட்டைக்குப் பல காரணம் இருக்கலாம். நல்ல உடல்நிலையில் இருந்தும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு தப்பிய பெட்டை மூன்றாவது ஆண்டும் தப்புவதற்கு வாய்ப்பு மிகுதி. அதைக் கழிக்க வேண்டும், வாயில் எட்டுப் பல்லும் வெள்ளையாக நிறைந்திருந்தாலும்.